கேஎல் வீட்டுல யோகா, எண்ணெய்க் குளியல்: நாலரைக்கு எந்திரிக்க வேணாம்

மொதல்ல மணியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் மூணு தடவ யோகா ஆரம்பிச்சு மூணு தடவயும் விட்டதுக்குக் காரணமே மணிதான். இந்தியாவுல அச்சடிச்ச எந்தப் புத்தகத்த எடுத்தாலும் சரி, யூடியூப்ல எந்த குருஜிய கேட்டாலும் சரி, காலைல நாலரைக்கு எந்திரிங்க அதுதான் பிரம்ம முகூர்த்தம்னு ஒரே பாட்டு. நானும் இங்க கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல் பிளாட்ல நாலரைக்கு அலாரம் வச்சு, கீழ் வீட்டுப் பூனை கூட தூங்கிட்டு இருக்கிற நேரத்துல பாய விரிச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னாடி தல தொங்கி, ஒரே வாரத்துல எல்லாத்தையும் மூட்ட கட்டி வச்சுட்டேன்.

அப்புறம்தான் உறைச்சுது. பிரம்ம முகூர்த்தம்னா சூரியன் உதிக்கறதுக்கு 96 நிமிஷம் முன்னாடி தொடங்கி 48 நிமிஷம் முன்னாடி முடியற நேரம், அவ்வளவுதான், கடிகாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சென்னையில சூரியன் ஆறு மணிவாக்குல வந்துடும், அங்க நாலரை சரி. நமக்கு? 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா சரவாக்கோட ஒரே நேரமா இருக்கட்டும்னு இங்க கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க, அதனால கேஎல்ல சூரியன் ஏழு மணி சொச்சத்துக்குத்தான் தலய காட்டுது, பிப்ரவரியில 7.25 வரைக்கும் போகும். கணக்கு போட்டா நம்ம பிரம்ம முகூர்த்தம் ஐஞ்சரையில இருந்து ஆறேகால். ஸ்கூல் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல எப்படியும் லைட்டு எரியற நேரம்தானே அது.

மத்ததும் இதே கததான். முறை நல்ல முறை, ஆனா அது எழுதுனது வேற வெயிலுக்கு, வேற கடைத்தெருவுக்கு. இங்க அத மாத்திக்கிட்டாதான் ஒரு மாசத்துக்கு மேல நிக்கும். நான் டீச்சர் இல்ல, வைத்தியரும் இல்ல, நாள் முழுக்க நாற்காலியில உக்காந்து இடுப்பு போன ஒரு அக்கவுண்ட்ஸ் கிளார்க், ஆறு வருஷமா விடாம செய்யறத மட்டும் எழுதறேன்.

எந்திரிச்சதும் பல்லு விளக்கி நாக்கு வழிச்சுடுங்க, ஸ்டீல் நாக்கு வழிப்பான் பிரிக்பீல்ட்ஸ் கடைங்கள்ல சில வெள்ளிக்கு கெடைக்கும். ஒரு கப் வெதுவெதுன்னு தண்ணி. எண்ணெய் கொப்பளிக்கிறவங்க கொப்பளிங்க, ஆனா சிங்க்ல துப்பாதீங்க, பிளாட் பைப்பு அடைச்சா கீழ் வீட்டுக்காரங்க மேல ஏறி வருவாங்க, டிஷ்யூல துப்பி குப்பையில போடுங்க. எனக்கு காலைல அதுக்கெல்லாம் பொறுமை இல்ல.

அடுத்தது பாய். வழுக்காத யோகா பாய் ஒண்ணு கண்டிப்பா வேணும், டைல்ஸ் தரையில வேர்த்த கையோட நின்னீங்கன்னா மூஞ்சிதான் தரையில. ஃபேன ஒண்ணுல வைங்க. ஏர்கான் வேணாம், ஒடம்பு சூடாகறதுக்கு முன்னாடி குளுந்த காத்து பட்டா எனக்கு கழுத்து புடிச்சுக்கும்.

இடுப்பு, முதுகு கழண்டவங்களுக்கு நான் சொல்றது வெறும் அஞ்சு ஆசனம், பதினஞ்சு நிமிஷம். சூரிய நமஸ்காரம் பன்னெண்டு நிலையும் அழகுதான், ஆனா நாப்பத தாண்டி இறுகிப்போன ஒடம்ப முதல் நாளே அதுல எறக்குனா மூணாம் நாள் தைலம் தேய்ச்சுட்டு படுத்திருப்பீங்க. மொதல்ல மார்ஜரி ஆசனம், பூனை மாதிரி கையும் முட்டியும் தரையில ஊனி, மூச்ச இழுக்கும்போது வயித்த கீழ எறக்கி நெஞ்ச முன்னால கொண்டு போங்க, விடும்போது முதுக வளைச்சு தொப்புள உள்ள இழுங்க. எட்டு தடவ. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அசைவ மூச்சுதான் ஓட்டணும், நீங்க ஓட்டக்கூடாது, மூச்சு ஆரம்பிச்சு அர நொடி கழிச்சு முதுகு அசையட்டும். இத புரிஞ்சுக்க எனக்கே மூணு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் நான் பண்ணது வெறும் ஸ்கூல் பீடி கிளாஸ் எக்சசைஸ். அப்புறம் குதிகால் மேல உக்காந்து நெத்திய தரையில வச்சு பாலாசனம், முட்டி வலிக்கிறவங்க தொடைக்கும் கெண்டைக்கும் நடுவுல தலகாணி சொருகிக்கோங்க.

மூணாவது புஜங்காசனம், இதுலதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, போட்டோல இருக்கிற மாதிரி கைய நேரா நீட்டி நெஞ்ச வானத்துக்குத் தூக்கி, எல்லா வளைவையும் இடுப்புலயே கொண்டு வந்து வச்சுடறாங்க. முழங்கைய தரையிலயே வச்சு, தோள காதுல இருந்து எறக்கி, பாதத்த பின்னாடி நீட்டி அஞ்சு மூச்சு இருங்க போதும். இழுப்பு நெஞ்சுக்கூட்டுக்குப் பின்பக்கம் தெரியணும், இடுப்புல சுளீர்னு தெரிஞ்சா எறங்கிடுங்க. நாலாவது மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி இடுப்ப மட்டும் தூக்கற சேதுபந்தாசனம். அஞ்சாவது ஒவ்வொரு காலா நெஞ்சோட அணைச்சுக்கற பவனமுக்தாசனம், காத்த வெளியேத்தற ஆசனம்னு அர்த்தம், ராத்திரி நாசி கண்டார் ஒரு கட்டு கட்டுனவங்களுக்கு பேரு ஏன் அப்படி வச்சாங்கன்னு உடனே புரியும். முடிச்சுட்டு மூணு நிமிஷம் மல்லாந்து அசையாம படுத்திருக்கற சவாசனம், அத மட்டும் விட்டுடாதீங்க.

முதுகு வலி முட்டிக்குக் கீழ வரைக்கும் கரண்டு மாதிரி எறங்குதுன்னா ஆசனத்த நிறுத்திட்டு டாக்டர பாருங்க. காலு மரத்துப்போயி ஒண்ணுக்கு அடக்க முடியல, இல்ல போகவே முடியலன்னா அன்னைக்கே எமர்ஜென்சி, யோகா டீச்சருக்கு வாட்ஸாப் அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க. பிரஷர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, கண்ணுல குளுக்கோமா இருக்கிறவங்க தலகீழா நிக்கிறது எதையும் தொடாதீங்க.

மூச்சுப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கறது அஞ்சு நிமிஷ நாடி சுத்தி. நிமிர்ந்து உக்காருங்க, சம்மணம் முடியலன்னா நாற்காலி, அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. வலது கை கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. வலத அடைச்சு இடதுல இழுங்க, இடத அடைச்சு வலதுல விடுங்க, வலதுலயே இழுங்க, இடதுல விடுங்க, இது ஒரு சுத்து. நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க, மூச்ச உள்ள புடிச்சு வைக்கறதெல்லாம் இப்ப வேணாம். மூக்க அமுக்கிக் கசக்காதீங்க, ஒரு இலைய தொடற மாதிரி தொட்டா போதும், சத்தமே கேக்கக்கூடாது. பத்து சுத்து முடிஞ்சு கண்ண தொறந்தா அந்த நாள் வேற மாதிரி இருக்கும், ஜாலான் ஈப்போ ஜாம்ல கூட கொஞ்ச நேரம் தாக்குப்புடிக்கும். சைனஸால மூக்கு அடைச்சிருந்தா அன்னைக்கு பிராமரி பண்ணுங்க, வாய மூடி வண்டு மாதிரி ம்ம்ம்னு மூச்சு விடறதுதான், எங்க வீட்டு சின்னவனுக்கு ரொம்ப புடிச்சது அது. வயித்த உள்ள இழுத்து வேகவேகமா மூச்ச வெளிய தள்ற கபாலபாதிய மட்டும் வீடியோ பாத்து பண்ணாதீங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, பிரஷர், குடலிறக்கம் உள்ளவங்களுக்கு அது ஆகாது.

ஞாயித்துக்கெழம தித்திவங்சா ஏரிப்பக்கம் போயி வெளியில செய்யறது நல்லாத்தான் இருக்கும், பினாங்குல இருக்கிறவங்களுக்கு தண்ணிமலை பூங்கா இருக்கு, குடுத்து வச்சவங்க. ஆனா புகைமூட்டக் காலத்துல காத்துத் தரக் குறியீடு 100 தாண்டுனா ஆரோக்கியமில்லாத நிலைன்னு அர்த்தம், அந்த நேரத்துல பூங்காவுல நின்னு ஆழமா மூச்சு இழுக்கறது புகைய வடிகட்டாம குடிக்கிற மாதிரி.

சாப்பாட்டுக்கு வருவோம். வாதம் பித்தம் கபம்னு ஆயுர்வேதம் சொல்றதுல எனக்கு நூத்துக்கு அம்பதுதான் புரியும், ஆனா ஒரு விஷயம் தெளிவு: பசித் தீ மத்தியானம் நல்லா எரியும், ராத்திரி தணிஞ்சுடும், அதனால பெரிய சாப்பாடு மத்தியானம். நம்ம ஊரு பழக்கம் அப்படியே தலகீழ். காலைல அவசரத்துல பசியாற ஒரு ரொட்டி சானாய், மத்தியானம் ஆபீஸ்ல ஏதோ தாப்பாவ் பார்சல், அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடையில மீ கோரெங் மேல முட்டை. நான் மாத்துனது ரெண்டே ரெண்டு: மத்தியானம் வீட்டு சோறு, பருப்பு, ஒரு கீரை, மோர் கட்டிட்டுப் போறேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல திங்கறது இல்ல. கூட்டாளிங்களோட மாமாக் போனா தே ஓ ஹாலியா கோசோங், அதாவது சீனி போடாத வெறும் இஞ்சி தேத்தண்ணி. முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க, இப்ப மேசையில மூணு பேரு அதத்தான் கேக்கறாங்க.

பொருள் தேடி அலைய வேணாம், பேரு தெரிஞ்சா பக்கத்து பாசார்லயே பாதி இருக்கு. வல்லாரைதான் மலாய்க்காரங்க பச்சையா திங்கற உலாமுக்கு விக்கிற பெகாகா, ஒரு கட்ட வாங்கி நல்லா கழுவி வதக்கி உளுத்தம்பருப்பு, புளி, காஞ்ச மொளகா வச்சு தொவையல் அரைங்க. ஞாபக சக்திக்குன்னு சொல்லுவாங்க, அத பத்தி எனக்கு உறுதியில்ல, சோத்துக்கு நல்லா இருக்கும். சீரகத்துக்கு ஜிந்தான் புத்தே, சோம்புக்கு ஜிந்தான் மானிஸ், இத மாத்தி எடுத்துட்டு வந்து சீரகத் தண்ணி போட்டா இனிப்பா ஒரு கஷாயம் வரும். திரிபலாங்கறது மூணு காய்ப் பொடி, அதுல ஒண்ணு நெல்லிக்காய், அந்த நெல்லி மரம்தான் மலாய்ல போக்கோ மலாக்கா, பரமேஸ்வரா சாஞ்சு நின்னாருன்னு சரித்திர வகுப்புல படிச்சமே, அதே மரம். கடுக்காயும் தான்றிக்காயும்தான் லெபோ அம்பாங் பக்கம் நாட்டு மருந்து கடைக்குப் போயி வாங்கணும். மலச்சிக்கலுக்கு ராத்திரி அர டீஸ்பூன் திரிபலா வெந்நீர்ல, ஒரு வாரம் பாருங்க, வயித்தால போனா கொறைங்க.

இப்ப எண்ணெய்க் குளியல். தேய்ச்சு அர மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும், போன கூட தொட முடியாது, கையெல்லாம் எண்ணெய். எனக்கு வாரத்துல கெடைக்கிற ஒரே ஓய்வு அதுதான்.

மொதல்ல எண்ணெய். ஒரு தடவ வீட்டுக்காரர்கிட்ட "ஏங்க, நல்லெண்ணெய் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லி விட்டேன், அவரு சூப்பர்மார்க்கெட்ல மின்யாக் பிஜான்னு போட்ட போத்தல எடுத்துட்டு வந்துட்டாரு. எள்ளெண்ணெய்தானே, நானும் பாக்காம சூடு பண்ணி தல முழுக்க ஊத்திட்டேன். பெரியவன் ரூம்ல இருந்து "அம்மா, இன்னைக்கு வான்தான் மீயா?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடி வந்தான். சீனர் சமையல் எண்ணெய் எள்ள வறுத்து ஆட்டுனது, கருஞ்செவப்பா இருக்கும், ரெண்டு தடவ சீயக்கா போட்டாலும் வாசம் போகாது, திங்கக்கெழம எல்ஆர்டில என் பக்கத்துல நின்ன பொண்ணு ரெண்டு தடவ திரும்பிப் பாத்தா. நமக்கு வேணுங்கறது வறுக்காத எள்ளுல செக்குல ஆட்டுன நல்லெண்ணெய், தேன் நெறத்துல இருக்கும், இந்தியன் மளிகைக் கடையில கேட்டு வாங்குங்க.

தேய்க்கறது இப்படி. நாலு கரண்டி எண்ணெய ஒரு சின்னக் கிண்ணத்துல ஊத்தி அந்தக் கிண்ணத்த வெந்நீர்ல வைங்க, அடுப்புல நேரா வைக்காதீங்க, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டா இதமா தெரியணும். மொதல்ல உச்சந்தல, அப்புறம் காது மடல், கழுத்து. கை கால் நீள எலும்புக்கு மேலயும் கீழயும் நீளமா தேய்ங்க, முட்டி, முழங்கை, தோள்பட்ட மாதிரி மூட்டுங்களுக்கு வட்டமா. வயித்துல கடிகாரம் சுத்தற பக்கமா, மெதுவா. பழைய பாத்திக் கைலி ஒண்ண கட்டிக்கிட்டு, நாற்காலி மேல இன்னொரு பழைய துணி விரிச்சு இருபது முப்பது நிமிஷம். எங்கம்மா ஒரு மணி நேரம்னு அடம் புடிப்பாங்க, தோட்டத்துல அவங்க பாட்டி வெயில்ல உக்கார வச்சு தேய்ச்ச கணக்கு அது, நம்ம பிளாட்டுக்கு அர மணி போதும். தலைக்கு சீயக்கா, ஒடம்புக்கு பச்சப்பயறு மாவு, சோப்பு போட்டா தேய்ச்சது எல்லாம் வீண். ஹீட்டர் தண்ணிய ஒடம்புக்கு மட்டும் சூடா வைங்க, தலைக்கு லேசான சூடு.

உள்ளங்கால் மட்டும் குளிக்கறதுக்கு முன்னாடி வேணாம். எங்கம்மா எண்ணெய்க் காலோட பாத்ரூம் டைல்ஸ்ல வழுக்கி வாளிய புடிச்சு தப்பிச்சாங்க, அன்னைக்கு எனக்கு வந்த நெஞ்சு படபடப்புக்கு எந்த பிராணாயாமமும் ஒதவல. பாதத்துக்கு ராத்திரி படுக்கும்போது தேய்ங்க, பழைய சாக்ஸ் போட்டுக்கிட்டு. காய்ச்சல், சளி, அஜீரணம் இருக்கிற அன்னைக்கு எண்ணெய் கூடாது. குளிச்ச அன்னைக்கு ஐஸ் தண்ணி வேணாம், பகல் தூக்கம் வேணாம், சூடா ஒரு மொளகு ரசம் வச்சு சாப்பிடுங்க. சனி வெள்ளி கணக்கெல்லாம் பாக்கறவங்க பாருங்க, எனக்கு லீவு ஞாயித்துக்கெழமதான், அதனால ஞாயிறு.

கடைசியா மருந்து விஷயம், இதுல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காடு பேருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், கிட்டத்தட்ட ஆறு பேருக்கு ஒருத்தர், நம்மாளுங்க குடும்பத்துல அது இல்லாத வீடே அபூர்வம். அதனால யாரு எந்தப் பொடி குடுத்தாலும் வாங்கிடறோம். எங்கம்மா ஒரு கட்டத்துல யாரோ சொன்னாங்கன்னு தெனம் காலைல பாகற்காய் ஜூஸ் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, கிளினிக்ல குடுத்த கிளிக்ளாசைட் மாத்திரையும் நிறுத்தல, என்கிட்டயும் சொல்லல. ஒரு நாள் பத்து மணிவாக்குல போன் பண்ணி "ஏண்டி, கையெல்லாம் ஒதறுது, வேர்த்துக் கொட்டுது"ன்னாங்க. சர்க்கரை எறங்கிப் போச்சு. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் சீனி கரைச்சுக் குடுத்து உக்கார வச்சாங்க. ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு பாத்தப்புறம் ஒரு ரூல் போட்டேன்: எந்த மூலிகைய எடுத்தாலும் கிளினிக்ல டாக்டர்கிட்ட பேர சொல்லணும், மாத்திரைய தானா நிறுத்தக்கூடாது. ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க மஞ்சள் கேப்சூல், தைராய்டுக்காரங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் அஸ்வகந்தா, இதெல்லாம் கேக்காம தொடாதீங்க. சாம்பார்ல போடற மஞ்சளுக்கு பயப்பட வேணாம்.

டப்பாவுல வர்ற மருந்துன்னா மால் நம்பர், அதாவது பதிவு எண் பாருங்க, MALனு போட்டு எட்டு இலக்கம், பாரம்பரிய மருந்துக்கு கடைசில டி (T) எழுத்து, கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர், நம்பர மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தோட வெப்சைட்ல தட்டிப் பாக்கலாம். மூட்டு வலிக்கு ரெண்டே நாள்ல பறந்து போகும்னு விக்கிற ஜாமு மாதிரி நாட்டு மருந்து, பொடியில ஸ்டீராய்டு கலந்து புடிபட்டது இங்க பல தடவ நடந்திருக்கு, ரெண்டு நாள்ல முட்டி வலி மாயமா போனா சந்தேகப்படுங்க. ரசம் (சாப்பிடற ரசம் இல்ல, பாதரசம்), பாஷாணம்னு உலோகம் சேத்து செஞ்ச பஸ்பங்கள ஆன்லைன்ல வாங்கவே வாங்காதீங்க, ஈயம், பாதரசம் ஒடம்புல சேரும்.

வைத்தியர்கிட்ட போறதுன்னா, 2016ல வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி பதிவு பண்ணவரான்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. நான் கேக்காம ஒரு சென்டருக்குப் போயி, நாடி புடிச்ச ரெண்டு நிமிஷத்துல "உங்களுக்கு பித்தம் தலைக்கு ஏறிடுச்சு, மூவாயிரம் வெள்ளி பேக்கேஜ் எடுங்க சிஸ்டர்"னு சொன்னதும் பாதி பணத்த கட்டிட்டு வந்த ஆளு. கெடச்சது நாலு மசாஜ், ஒரு சிடி. அரசாங்க ஆஸ்பத்திரிங்கள்ல சிலதுல பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கு, 2007ல பினாங்கு கெப்பாலா பத்தாஸ்லதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, டாக்டர் கடிதத்தோட அங்க போனா செலவு எவ்வளவோ கம்மி.

டாக்டர் பக்கமா யோகா பக்கமான்னு சண்ட போடறவங்ககிட்ட நான் சுவாமி சிவானந்தா கதய சொல்லுவேன். பத்தமடையில 1887ல பொறந்தவரு, சாமியாராகறதுக்கு முன்னாடி நம்ம மலாயாவுலதான் பத்து வருஷம் டாக்டரா இருந்தாரு, மொதல்ல நெகிரி செம்பிலான்ல தோட்ட ஆஸ்பத்திரி, அப்புறம் ஜோகூர். 1923ல கெளம்பி ரிஷிகேஷ் போனவரு அங்கயும் வைத்தியம் பாக்கறத விடல. அவரு பேருல பத்துமலைல ஆசிரமம் இருக்கு, வழியில போனா எட்டிப் பாருங்க.

ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு. சுவத்த ஒட்டி மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் சுவத்து மேல நேரா தூக்கி வச்சு எட்டு நிமிஷம், விபரீத கரணியோட சுலபமான வடிவம், இடுப்புக்கு அடியில ஒரு மடிச்ச துண்டு. நாள் முழுக்க உக்காந்தோ நின்னோ வீங்குன காலுக்கு இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, போன அடுத்த ரூம்ல வச்சுட்டு செஞ்சா தூக்கமும் சீக்கிரம் வரும். பாதத்துக்கு எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு சாக்ஸ் போட்டுக்கிட்டே தூக்குங்க. நான் போடாம தூக்கி, வெள்ளை சுவத்துல குதிகால் அச்சு ரெண்டு மஞ்சளா விழுந்திருக்கு, வாடகை வீடு, டெபாசிட் திரும்பி வாங்கறதுக்கு முன்னாடி பெயிண்ட் வாங்கணும்.